தீவுகளுக்கு எதிர்க்கரையில் ஒதுங்கும் குப்பை: அள்ளிய பின் எங்கே கொண்டுபோவது?

வேதாளை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தை அடுத்த வேதாளைப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, மாணவர்களை அழைத்துக்கொண்டு தெற்குக் கடற்கரையில் குப்பை அள்ளி வருகிறோம். சென்ற முறை முப்பத்தெட்டு சாக்கு நிரம்பியது. ஒற்றைச் செருப்புகள், தெர்மாகோல் துண்டுகள், மூடி கழன்றிராத தண்ணீர் பாட்டில்கள், மருந்துக் குப்பிகள், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வலைத் துணுக்குகள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு சாக்கின் மேலும் மையால் எண் எழுதினாள். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

மூன்று வாரம் கழித்து, உள்சாலை ஒன்றில் போகும்போது பனங்காட்டுக்குள் இருந்த பள்ளத்தில் அதே சாக்குகளைப் பார்த்தேன். அவள் எழுதிய எண்கள் அழியாமல் இருந்தன. பாதிச் சாக்குகளை நாய்கள் கிழித்திருந்தன. அந்தப் பள்ளத்திலிருந்து மழைக்காலத்தில் ஓடும் ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்னும் சொல்லாமலே இருக்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் மண்டபம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. தீவுகளில் யாரும் குடியிருக்கவில்லை. அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. மனிதரைத் தடுக்கும் சட்டத்தால் மிதந்து வரும் பொருளைத் தடுக்க முடியவில்லை. இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது, அள்ளிய பின் எங்கே போக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கடலோடு பழகியவர்கள் விடை சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாம்பன் வல்லம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் நாட்டுப்படகுத் தொழில் செய்பவன். இப்படிப்பட்ட பேச்சு தொடங்கினால் மூன்றாவது ஆளிலேயே "எல்லாம் மீனவன் போட்ட வலை" என்று முடிந்துவிடும் என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன். வலை எங்களுடையதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த வலை, எப்படி அங்கே வந்தது என்று பார்க்காமல் பேசுவது சரியாகாது.

நண்டு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கூசியில், அதாவது ஒற்றை இழை நைலான் நூலில், பின்னிய மெல்லிய வலை அது. நண்டு சிக்கினால் கொடுக்கால் அறுத்துக் கண்ணியை, அதாவது வலைப் பின்னலை, கிழித்துவிடும். கரைக்கு வந்து பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது இன்னும் கொஞ்சம் கிழியும். சில மாதங்களில் அந்த வலை தொழிலுக்கு ஆகாது. அப்போது மேல்கயிறு, மிதப்பு, ஈயம் மூன்றையும் அறுத்து எடுத்துக்கொள்வோம். அவை விலை உள்ள பொருள்கள், அடுத்த வலைக்கு ஆகும். மிஞ்சும் வெறும் கண்ணியை வாங்க எங்கள் படகுத் துறையில் ஆளில்லை. அதுதான் கரையோரத்தில் குவிகிறது.

நீங்கள் அள்ளிய வலையில் கயிறும் மிதப்பும் இருந்தனவா, இல்லையா? இல்லையென்றால் அது கரையில் கழித்துப் போட்ட வலை. கயிறோடும் மிதப்போடும் வந்திருந்தால் அதை யாரும் மனமறிந்து போடவில்லை. கடலில் விட்டிருந்த வலை நீவாட்டில் (நீரோட்டத்தில்) இழுபட்டுப் போயிருக்கும், அல்லது விசைப்படகின் இழுவை மடியில் (இழுத்துச் செல்லும் பெரிய வலையில்) மாட்டி அறுந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்து வைத்தது இந்தச் சண்டையைக் குறைக்கத்தான். இருந்தும் வலை போகிறது. கடனுக்கு வாங்கிய வலையை இழந்துவிட்டு வெறுங்கையோடு கரையேறுபவனிடம் "ஏன் கடலை அசுத்தம் செய்தாய்" என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கடலியல் மாணவி

வல்லம் அண்ணன் சொன்ன வேறுபாடு மிக முக்கியமானது. அதனோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: கரையில் நாம் காண்பது மிதக்கக்கூடியதை மட்டுமே.

நைலான் கடல்நீரைவிடக் கனமானது, தானாக மிதக்காது. மிதப்பை அறுத்துவிட்ட தங்கூசி வலையைக் கடலில் போட்டால் அடியில்தான் போய்ப் படியும். இழுவை மடிக்கும் கயிறுகளுக்கும் பயன்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை என்பதால் மிதந்து வரும். தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பொருளும் நீரைவிடக் கனமானதுதான். மூடி இறுக்கியிருப்பதால் உள்ளே அடைபட்ட காற்று அதை மிதக்க வைக்கிறது. ஆசிரியர் எழுதியதைக் கவனியுங்கள்: "மூடி கழன்றிராத பாட்டில்கள்". மூடி கழன்றவை கடலடியில் கிடக்கின்றன.

ஆகவே, கரையை எண்ணி "வலை இவ்வளவு, பாட்டில் இவ்வளவு" என்று பட்டியல் போட்டால் கடலடியின் கணக்கு அதில் வராது. பார்களின் (கடலடிப் பவளத் திட்டுகளின்) மேல் படியும் நைலான் வலை, அலை அசைக்கும்போதெல்லாம் மான்கொம்புப் பவளத்தின் கிளைகளை ஒடிக்கிறது. அடியிலுள்ள பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறியதால் வெளுத்துப் பெருமளவில் மடிந்த பார்கள் இவை. எஞ்சியிருப்பவற்றில் கிளைப் பவளம்தான் வலையில் முதலில் சிக்குகிறது. அந்த வலைக்குள் மீனும் நண்டும் மாட்டிச் செத்து, அதைத் தின்ன வரும் அடுத்த உயிரும் மாட்டுகிறது. யாருடைய கூடைக்கும் போகாத பிடிப்பு அது.

சின்னப்பாலம்

என் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்கிப் பாசி பறித்தே எங்களைப் படிக்க வைத்தார். மாணவி சொல்லும் கடலடிக் குப்பையைப் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் சிலர். கையால் தொட்டுப் பார்ப்பவர்கள் இந்தப் பெண்கள். வலை சுற்றிய கல்லில் பாசி ஒழுங்காக வளர்வதில்லை என்று அம்மா சொல்வார். மூழ்கியிருக்கும்போது காலில் தங்கூசி சுற்றிக்கொண்டு மூச்சுத் திணறி மேலே வந்த கதையும் அவரிடம் உண்டு.

பூங்கா வந்த பிறகு தீவுகளின் அருகே போகும் பெண்கள் பிடிபடுவார்களோ என்ற அச்சத்தோடுதான் போகிறார்கள். கடலுக்குள் எங்கெங்கே வலை கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் "நீ அங்கே எதற்குப் போனாய்" என்ற கேள்வி வரும் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. குப்பை எடுக்கும் வேலையையே அவர்களுக்கு அனுமதியோடும் கூலியோடும் கொடுக்கலாமே என்பது என் நெடுநாள் ஆசை.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். கப்பாபைகஸ் என்ற வளர்ப்புப் பாசியை, எங்கள் ஊரில் பெப்சி பாசி என்போம், மூங்கில் தெப்பத்திலும் நீளக் கயிற்றிலும் கட்டி வளர்க்கிறோம். கயிற்று முறையில் மிதப்புக்குப் பழைய பாட்டில்களைத்தான் கட்டுகிறோம். வாடைக் காலத்தில் கடல் பெருகும்போது கயிறு அறுந்து பாட்டில்கள் வரிசையாகப் போய்விடும். கழுத்தில் நைலான் முடிச்சு உள்ள பாட்டில் கிடைத்தால் அது சுற்றுலாப் பயணி எறிந்ததன்று, எங்கள் பாசிக் கயிற்றிலிருந்து போனது.

வேதாளை ஆசிரியர்

தங்கச்சி எழுதியதைப் படித்தவுடன், பள்ளியில் காட்சிக்காக வைத்திருந்த ஒரு சாக்கைக் கொட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு பாட்டில்களில் ஒன்பதின் கழுத்தில் முடிச்சு இருந்தது. ஐந்து ஆண்டுகளாக அதைத் தொட்டு எடுத்திருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை.

கீழக்கரை மாலுமி

அனைவருக்கும் ஸலாம். இருபத்தேழு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரையில் ஒதுங்கும் வெளிநாட்டு எழுத்துள்ள பாட்டில்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று காத்திருந்தேன். சிங்கள எழுத்துள்ள பொருள் கிடைத்தால் வியப்பில்லை. தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரம் போலத்தான். தாய்லாந்து, இந்தோனேசிய எழுத்துகளும் சீன எழுத்தும் உள்ளவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு பகுதி ஓடும் கப்பல்களிலிருந்து விழுந்தது என்றே எண்ணுகிறேன்.

கப்பலிலிருந்து எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடக்கூடாது என்ற பன்னாட்டு விதி 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு அது. கப்பலில் குப்பைப் பதிவேடு எழுத வேண்டும், துறைமுகத்தில் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். ஒழுங்கான கப்பல்களில் அவ்வாறே செய்தோம். இரவில் பின்தளத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க நடுக்கடலில் ஆளில்லை என்பதும் உண்மை.

விபத்துகள் தனி. 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது கோடிக்கணக்கான பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்தன. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 சரக்குப் பெட்டகங்களோடு மூழ்கியது. அதிலிருந்த குருணைகள் கேரளக் கரைகளிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் அந்த நீரோட்டம் குமரியைச் சுற்றி நம் பக்கம் திரும்பும் என்பது நம் வளைகுடா மக்களுக்குத் தெரிந்ததுதான். ஜவ்வரிசி அளவுள்ள வெள்ளைக் குருணையை மணலில் கண்டால் பிள்ளைகளை வெறுங்கையால் அள்ள விடாதீர்கள்.

பாம்பன் வல்லம்

மாலுமி காக்கா (அண்ணன்) சொல்வது சரி. ஆனால் வெளிநாட்டு எழுத்தைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அக்னி தீர்த்தக் கடற்கரையில் நீராடிவிட்டு உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுப் போகும் வழக்கம் எத்தனை காலமாக இருக்கிறது. பருத்தியாக இருந்த காலத்தில் மட்கியது. இன்று பாலியஸ்டர். ஈரமான சேலை ஒன்று எங்கள் என்ஜின் விசிறியில் சுற்றினால் அன்றைய தொழில் போனது. அப்படி இரண்டு முறை எனக்கே நடந்திருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்

எங்கள் தெருவின் இளைஞர் குழுவில் இதுவரை கரையிலேயே குவித்துக் கொளுத்திவிடுவோம். வேறு வழியில்லாத இடத்தில் அது தவறா?

கடலியல் மாணவி

தயவுசெய்து கொளுத்தாதீர்கள். நைலானும் தெர்மாகோலும் எரியும் புகையை முதலில் மூச்சிழுப்பது நீங்கள்தான். மேலும், அது முழுதாக எரிவதில்லை. உருகி, மணலையும் கிளிஞ்சலையும் பவளத் துண்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு கல்போல் இறுகிவிடும். அதன்பின் எந்த மறுசுழற்சிக்காரரும் அதைத் தொடமாட்டார். பார்ப்பதற்கும் கல்லாகவே இருப்பதால் அடுத்து அள்ள வருபவர் விட்டுவிட்டுப் போவார்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இதைச் சொல்லவே இந்த உரையாடலுக்கு வந்தேன் என்றும் கொள்ளலாம். கரையில் கறுப்பாக, மெத்தைபோல் ஒதுங்கியிருக்கும் தாழைச் சருகைக் குப்பை என்று வாரிவிடாதீர்கள். அது கடற்புல். நாட்டிலேயே மிகப் பரந்த கடற்புல் படுகைகள் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும்தான் உள்ளன. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடல்பசு உயிர்வாழ்வது அந்தப் புல்லை மேய்ந்துதான். உதிர்ந்து கரை சேரும் சருகு மணலைப் பிடித்துவைக்கிறது, அலையின் அடியைத் தாங்குகிறது. அதற்குள் வாழும் சிறு பூச்சிகளும் ஓட்டுடலிகளும் கரைப்பறவைகளுக்கு இரையாகின்றன. தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் பூநாரைகளுக்காகச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அங்கே கரையைத் துடைத்து வைத்தால் பறவை எதைத் தின்னும்?

சுற்றுலாக் கடற்கரைகளில் வாரும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, "சுத்தமான மணல்" என்று படம் எடுத்துப் போடும் வழக்கம் பரவிவருகிறது. காப்புப் பகுதியில் அந்த இயந்திரம் செய்யும் கேடு பாட்டில் செய்யும் கேட்டைவிடக் குறைந்ததன்று. பங்குனி ஆமை முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் அது ஓடும் மணலுக்கு அடியில் முட்டைக் குழி இருக்கக்கூடும். சருகிலிருந்து பிளாஸ்டிக்கைக் கையால்தான் பிரிக்க வேண்டும். அது மெதுவான வேலை. முப்பத்தெட்டு சாக்கு நிறையாது, எட்டுச் சாக்குதான் நிறையும். அந்த எட்டுச் சாக்கும் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும்.

வேதாளை ஆசிரியர்

சாக்கின் எண்ணிக்கையை நான் பெருமையாக எழுதியது இப்போது உறுத்துகிறது. அதில் பாதி ஈர மணலும் தாழையுமாக இருந்திருக்கும். அந்தச் சாக்குகளை வாங்கிக்கொண்டவர்கள் பள்ளத்தில் கொட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிக்காத, உப்பும் மணலும் கலந்த பொருளை யார் வாங்குவார்கள்? கொட்டியவர்களை நான் மன்னித்துவிடவில்லை. ஆனால் என் பங்கும் அதில் இருக்கிறது.

சரி, பிரித்தால் வாங்குவார்களா?

கீழக்கரை மாலுமி

எங்கள் குடும்பத்தில் பழைய பொருள் வாணிகம் செய்பவர் இருக்கிறார்; அவரிடம் கேட்டு எழுதுகிறேன். நைலான் வலை தனியாக, ஈயமும் நண்டு ஓடும் இல்லாமல் வந்தால் அதற்கு விலை உண்டு. உருக்கி மறுபடியும் நூலாகவோ அச்சுப் பொருளாகவோ செய்யலாம். இழுவை மடிக் கயிற்றுக்கும் விலை உண்டு, ஆனால் நைலானோடு கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும். பாட்டிலை எடுப்பார்கள். வெயிலில் நொறுங்கத் தொடங்கியதை எடுக்கமாட்டார்கள். தெர்மாகோலை யாரும் எடுக்கமாட்டார்கள். லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது என்பதால் டீசல் செலவுக்கே கட்டாது. செருப்பும் பலவகை கலந்த மிச்சமும் சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகப் போகலாம். ஆனால் அங்கும் உப்பு கூடாது என்பார்கள்.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் நம் மாவட்டத்தில் குப்பை கழுவத் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வழி தோன்றுகிறது. வாடை மழைக்கு முன்பு, காற்றில் பறக்காதபடி கம்பி வலைக் கூண்டுக்குள் குவித்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையே கழுவிக் கொடுத்துவிடும். கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி, மேட்டு நிலத்தில் ஓர் இடம் மட்டும் தேவை.

பாம்பன் வல்லம்

இப்போதுதான் பேச்சு தொழிலுக்கு அருகே வருகிறது. வலை கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். விற்கும்போதே கிலோவுக்கு ஒரு சிறு தொகையைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு, பழைய கண்ணியைத் திருப்பிக் கொடுத்தால் தந்துவிடலாமே. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு 2022-இல் வந்து, பாட்டில் காட்டுக்குள் கிடப்பது குறைந்தது என்கிறார்கள். கண்ணாடி பாட்டிலுக்கு முடிவது வலைக்கு முடியாதா?

ஒரே ஒரு நிபந்தனை. கடலில் வலையை இழந்தவனுக்கு அந்தத் தொகை போய்விடக் கூடாது. வலை போனது என்று கரைக்கு வந்ததும் பதிவு செய்ய இடமும், பதிவு செய்தவனைக் குற்றவாளியாகப் பார்க்காத ஆளும் வேண்டும். எந்த இடத்தில் போனது என்று அவன் சொன்னால், பாசி எடுக்கும் பெண்கள் போய் எடுத்துவர முடியும். இரண்டு வேலையும் ஒன்றோடொன்று சேர்ந்தது.

சின்னப்பாலம்

அண்ணன் சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எந்தப் பாருக்கு மேல் எந்த வலை என்று தன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும் என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: நாள்பட்ட வலையின் மேல் பவளமே வளர்ந்திருக்கும், அதை இழுத்தால் கல்லோடு வரும். அப்படிப்பட்டதை ஓரங்களில் மட்டும் அறுத்துவிட்டு நடுப்பகுதியை விட்டுவிட வேண்டுமாம். மாணவி அக்கா இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

கடலியல் மாணவி

உங்கள் அம்மா சொன்னதுதான் சரியான முறை. நீருக்கடியில் வலை அகற்றுபவர்களுக்குக் கற்றுத்தருவதும் அதையே: இழுக்காதே, அறு, உயிருள்ள பவளம் பற்றிக்கொண்ட பகுதியை விட்டுவிடு. அனுமதி கேட்டு எழுதும் மனுவில் அவருடைய இந்த வாக்கியத்தை, அவர் பெயரைக் குறிப்பிடாமல், அப்படியே சேர்க்க ஒப்புக்கொள்வாரா என்று கேளுங்கள்.

வேதாளை ஆசிரியர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாள்களில் துறையெங்கும் வலைகளைப் பிரித்துப் போட்டுச் சீர்செய்வார்கள். கழிக்கும் கண்ணி அப்போதுதான் மிகுதியாகக் கிடைக்கும் என்பதால், கடல் கொண்டுவந்து போடும்வரை காத்திராமல் துறையிலேயே போய் வாங்கிக்கொள்ள எண்ணியிருக்கிறோம். பள்ளி விடுமுறையும் அதனோடு சேர்ந்து வருகிறது. கரையில் அள்ளுவதை நிறுத்தப்போவதில்லை. ஆனால் இனிச் சாக்கு எண்ணிக்கை இல்லை. கயிறோடு வந்த வலை, கயிறில்லாத வலை, கழுத்தில் முடிச்சுள்ள பாட்டில், வெளிநாட்டு எழுத்துள்ளவை என்று நோட்டில் தனித்தனிப் பக்கம் போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பள்ளத்தைப் பற்றியும் நேற்று வகுப்பில் சொல்லிவிட்டேன். எண் எழுதிய மாணவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சாக்குகளைத் திரும்ப எடுத்துவந்து முதலில் அவற்றைப் பிரித்துப் பழகலாம் என்றாள். வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போகிறோம். மாலுமி காக்கா வந்தால் எழுத்துகளைப் படித்துக் காட்டலாம்.

பாம்பன் வல்லம்

தராசு என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஈயத்தை அறுத்துவிட்டுத்தான் கண்ணியைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் துறையில் நான்கு பேரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களில் இருவர் மேட்டு நிலத்தில் கூண்டு போட இடம் காட்டுவதாகவும் சொன்னார்கள்.